அந்தக் கதையின் முடிவை மாற்றக் கேட்காதீர்கள்: வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், வெள்ளி விழா மலர்க் குழுவின் உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

மலருக்காக நாம் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு வந்த 38 கதைகளை நடுவர்கள் மூவரும் தனித்தனியே படித்தோம். பிறகு நூலகத்தின் மாடி அறையில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பேசி, கருத்து வேறுபாடே இல்லாமல் முதற்கதையாகத் தேர்ந்தெடுத்தது எந்தக் கதை என்பது தங்களுக்குத் தெரியும். சென்ற ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, கதை நன்றாகத்தான் இருக்கிறது, முடிவை மட்டும் எழுதியவரிடம் சொல்லி மாற்றி வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். எப்படி மாற்ற வேண்டும் என்று நான் கேட்டதற்கு, இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாகவோ, இல்லையென்றால் ஒருத்தி இறந்துபோவதாகவோ முடித்தால் குழுவுக்கு ஆட்சேபம் இருக்காது என்றார். மாற்றாவிட்டால் கதை மலரில் வராது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். செயலாளர் என்னிடம் படித்தவர். இன்றும் என்னைத் தெருவில் கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று பேசுகிறவர். அந்தத் தம்பி தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை, குழு சொல்லச் சொன்னதைச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் குழுவின் இந்தத் தீர்மானம் எந்தக் கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத தீர்மானத்துக்கு மறுப்பை நான் எங்கே எழுதித் தருவது? அதனால்தான் ஊரார் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலைத் திறந்தே எழுதுகிறேன்.

கதையை இன்னும் படிக்காதவர்களுக்காக அதை நான் சொல்லியாக வேண்டும். நம் ஊரைப் போன்ற ஒரு நெசவாளர் ஊர். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி. அந்த வீட்டுக்குப் பாவு பிணைக்க வரும் பெண் இன்னொருத்தி. தீர்ந்துபோன பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரல்நுனியில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற அந்த வேலையை நம்மில் பலர் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விட்டாலும் துணியில் கோடு விழும். தறிக்குழியின் ஓரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுவதும் அப்படி இழை சேர்க்கும் இருவருக்கிடையே நேசம் வளர்வதைக் கதாசிரியர் மூன்றே பத்திகளில் சொல்லிவிடுகிறார். விஷயம் தெரிந்தபின் அடி, பூட்டிய அறை, அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளை. ஒரு நாள் விடியுமுன் இருவரும் கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் போகிறது. நான்கு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு தகப்பனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. தாயால் அவரைத் தனியாகத் தூக்க முடியவில்லை. மகள் வருகிறாள், கூடவே அவளும் வருகிறாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள், துடைக்கிறார்கள், கஞ்சி புகட்டுகிறார்கள். தாய் அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு உண்டு. மற்றவர்கள் தட்டில் சாப்பிட, அவளுக்கு மட்டும் தினமும் வாழை இலை போடுகிறாள் தாய். இலை என்றால் மரியாதை என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். அந்த வீட்டில் அந்த இலைக்கு, நீ விருந்தாளி, நாளை போய்விடுவாய் என்று பொருள். பத்து நாட்கள் அவள் இலையில் சாப்பிடுகிறாள், எடுத்துப் போடுகிறாள். பதினோராம் நாள் தாய் கடைத்தெருவுக்குப் போய்ப் பாத்திரக் கடையில் ஒரு தட்டு வாங்குகிறாள். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். சொல்கிறாள். “புதுப் பேரா இருக்கே, மருமகளாம்மா?” என்கிறார் அவர். தாய் சற்று நேரம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டு, “வீட்டு ஆளு” என்கிறாள். பெயர் வெட்டும் கருவி கிர்ரென்று சத்தமிடத் தொடங்குகிறது. கதை அங்கே முடிகிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு அடக்கமான ஒரு முடிவை நம் ஊர்க்காரர் எவரும் எழுதி நான் படித்ததில்லை. யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. தாய் மன்னிப்புக் கேட்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஊரும் திருந்திவிடவில்லை, எதிர்வீட்டு அம்மாள் அவளைக் கண்டதும் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போவது கடைசிவரை தொடர்கிறது. ஒரு தட்டு, அதில் ஒரு பெயர், அவ்வளவுதான் நடக்கிறது. அதைத்தான் மாற்றச் சொல்கிறீர்கள்.

இங்கே ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதாக எழுதியதைத் தாங்கள் நீக்கச் சொல்லவில்லை. அவர்கள் ஓடிப்போனதையும் நீக்கச் சொல்லவில்லை. அடியும் பூட்டிய அறையும் அப்படியே இருக்கலாம். அவர்களில் ஒருத்தி செத்தால் கதை அச்சேறும். ஒரு தாய் அவளுக்குச் சோற்றுத் தட்டு வாங்கினால் அச்சேறாது. ஆக, தங்களை உறுத்துவது அந்தப் பெண்கள் இருவரும் அல்லர், அந்தத் தாய்தான். சோகமாக முடிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை இருக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாக அறிகிறேன். அந்தப் படிப்பினை யாருக்குப் போய்ச் சேரும் என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். இந்த ஊரில் எங்கோ ஒரு வீட்டில், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை நம் மலரைக் கையில் எடுக்கும். உன்னைப் போன்றவர்களுக்கு இரண்டே வழிதான், கழுத்தை நீட்டு அல்லது கயிற்றைத் தேடு என்று வாசகர் வட்டத்தின் பெயரால், என் பெயரும் நடுவராக இடம்பெற்ற நூலில், அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லப்போகிறோமா? வேறொரு முடிவு இருக்க முடியும் என்று ஒரு கதைகூட அதற்குச் சொல்லக் கூடாதா?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். 1996ஆம் ஆண்டு, இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன், வேறோர் ஊரில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். ‘என் தோழி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, வகுப்பில் அதிகம் பேசாத பெண், ஐந்து பக்கம் எழுதியிருந்தாள். அழகான தமிழ். தோழி பள்ளிக்கு வராத நாளில் வாசற்படியில் அவளுடைய செருப்பைத் தேடும் கண்களைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், தாங்கள் இருவரும் பெரியவர்களானபின் ஒரே வீட்டில் குடியிருக்கப்போவதாகவும், வேறு யாரையும் தன்னால் அப்படி நினைக்க முடியாது என்றும் எழுதியிருந்தாள். நான் அந்த வரிகளைச் சிவப்பு மையால் சுழித்து, ‘பெற்றோர் கையொப்பத்துடன் வரவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்வதாகவே அன்று நினைத்தேன். மறுநாள் அவளுடைய தாய் வந்தார், ஏட்டைக் காட்டினேன். அதன் பிறகு அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் அவளுக்குத் திருமணம் முடிந்துவிட்டதாகச் சக மாணவிகள் சொன்னார்கள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் எழுதியதற்குப் பெயர் என்ன என்று அன்று எனக்குத் தெரியவில்லை. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்ற சொற்களெல்லாம் என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில்தான் என் காதில் விழுந்தன. ஆனால் சொல் தெரியாதது ஒரு சமாதானம் ஆகாது. அந்த ஐந்து பக்கங்களைப் போல ஒரு கதையை, ஒரே ஒரு கதையை, அன்று நான் எங்காவது படித்திருந்தால் அந்தப் பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் யோசித்திருப்பேன்.

இது நடக்காத கதை, நம் ஊர்ப் பக்கத்தில் எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள் என்பது தலைவர் ஐயா அவர்களின் மறுப்பு என்று அறிகிறேன். நம் பக்கத்தில் நடந்தவற்றையே சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31ஆம் நாள் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. அதைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், நம் கதையில் வருகிறவர்களைப் போலவே, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். அவர்களைத் தேடியும் காணவில்லை என்ற புகார்கள்தாம் இருந்தன. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் செய்ததைத் தங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ தெரியாது. இந்த விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்பதை நீதிமன்ற ஆணையிலேயே ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டார். வயதுவந்த இருவர் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், காணவில்லை என்ற புகாரைக் காவல்துறை அவர்களைத் துன்புறுத்தாமல் முடித்துவிட வேண்டும். ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளுக்கு இடம் தரக் கூடாது. அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே, இம்மக்களைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று திருத்தம் வந்தது.

உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டுக் கற்றுக்கொள்ள முடியுமானால், பத்து நாள் சோறு போட்டபின் ஒரு தாய்க்கு அது முடியாதா? எனக்கென்னவோ அந்தத் தாய்தான் அதிக நம்பத்தகுந்தவளாகத் தெரிகிறாள். அவள் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. கணவரைத் தூக்குகிற நான்கு கைகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவே.

சட்டப்படி இது தவறு என்று குழுவில் இன்னும் யாராவது எண்ணிக்கொண்டிருந்தால், வயதுவந்தோர் இருவரின் சம்மதத்துடன் கூடிய உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை அந்த அளவில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 6 அன்றே நீக்கிவிட்டது. இது மேலைநாட்டு இறக்குமதி என்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: இறக்குமதியானது வெள்ளையர் 1860இல் இயற்றிய அந்தச் சட்டம். ஒருபாலினத் திருமணத்தைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை என்பதும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்தது என்பதும் உண்மைதான். அதை மறைத்து நான் வாதாட வரவில்லை. கதையிலும் திருமணம் இல்லை. ஆனால் 2025 மே மாதத்தில், பெற்றோர் வீட்டில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணைத் தன் விருப்பப்படி வாழ விடுவித்தபோது, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் செய்தியில் படித்த அன்று எனக்கு இந்தக் கதை தெரியாது. இப்போது நினைத்துப் பார்த்தால், நீதிபதிகள் பல பக்கங்களில் எழுதியதைப் பாத்திரக் கடையில் நின்று இரண்டே சொற்களில் சொன்னவளாக அந்தத் தாய் தெரிகிறாள்.

பள்ளிப் பிள்ளைகள் கையில் மலர் போகும், கெட்டுவிடுவார்கள் என்ற கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. பிள்ளைகளோடே வாழ்ந்தவள் நான். இந்தக் கதையில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை. அதே மலருக்கு நாம் தேர்ந்தெடுத்திருக்கும் மற்றொரு கதையில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் இரண்டு பக்கத்துக்கு வருகிறான். அதைப் பற்றி யாரும் என்னை அழைத்துக் கேட்கவில்லை.

மலரின் அச்சுச் செலவில் பெரும் பங்கை ஏற்பதாகச் சொன்ன நன்கொடையாளர், இந்தக் கதை வந்தால் பின்வாங்கிவிடுவார் என்பதுதான் உண்மையான நெருக்கடி என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வட்டத்தை ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்துக்கும் கையேந்தி நடத்திவரும் தங்கள் சிரமத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நாம் கூடுவது கிளை நூலகத்தின் கட்டடத்தில். விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் நம் மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு சேர்த்து ஊரில் ஒவ்வொரு வீடும் நூலக வரி கட்டுகிறது. கதையில் வருகிற வீட்டைப் போன்ற வீடுகளும் கட்டுகின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று நாம் மாலையிடும் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்களின் படத்துக்குக் கீழே அவர் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளை நம் வட்டமே எழுதி மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. சீர்காழிக்காரர் ஒருவர் 1931இல் எழுதிய இந்த வரிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் ஒரு கதைக்கு இந்த ஊரில் வாசகரே இல்லை என்று தாங்கள் தீர்மானித்திருக்கிறீர்கள். வாசகர் இருக்கிறார். போட்டிக்குக் கதை அனுப்பியவரே நம் ஊர்க்காரர்தானே.

கொங்கு நாட்டுச் சிறுநகரம் ஒன்றைக் களமாகக் கொண்ட நாவலுக்கு எதிராக ஊரே திரண்டு, அதன் ஆசிரியர் எழுத்தையே கைவிடுவதாக அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதும், பின்னர் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையை நிலைநாட்டியதும் தங்களுக்கு நினைவிருக்கும். பிடிக்காத நூலைப் படிக்காமல் இருப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அப்போது நம் வட்டத்தில் அதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. தலைவர் ஐயா, அன்று எழுத்தாளருக்காகத் தாங்கள் பேசிய பேச்சை நான் மூன்றாவது வரிசையில் அமர்ந்து கேட்டேன். முகம் தெரிந்த ஓர் எழுத்தாளருக்காகத் தாங்கள் பேசியதை, பெயர்கூட வெளியில் சொல்ல முடியாத ஒரு புதியவருக்காகவும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியவர் யார் என்று தாங்கள் விசாரிப்பதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். கதை புனைபெயரில் வந்தது. போட்டி விதிகளில் அதற்கு இடம் உண்டு. கையெழுத்தை வைத்தோ, தெருவை வைத்தோ ஊகிக்க முயன்றால் இந்த ஊரில் ஒரு வீட்டின் கதவு பூட்டப்படும். ஒரு கதவைப் பூட்ட வைத்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

குழுவிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். வருகிற மாதக் கூட்டத்தில் இந்தக் கதையை முழுவதுமாக உரக்கப் படிக்க அனுமதியுங்கள். நானே படிக்கிறேன், பத்து நிமிடம்கூட ஆகாது. நன்கொடையாளரையும் அழையுங்கள். கேட்டபின் உறுப்பினர்கள் என்ன முடிவெடுத்தாலும் அது குறிப்பேட்டில் காரணத்துடன் ஏறட்டும். கதையை வெளியிடுவதென்றால் ஒரு சொல்லும் மாறாமல் வெளியிடுங்கள். ஆசிரியரின் அனுமதியின்றி முடிவைத் திருத்தி அச்சிட்டால் நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரையும், மலருக்கு நான் எழுதித் தந்த முன்னுரையையும் எடுத்துவிட வேண்டும் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். மற்ற நடுவர்கள் இருவருக்கும் இந்த மடலின் படி அனுப்பியிருக்கிறேன்.

மெய்ப்பு என்னிடம் வந்துவிட்டது. அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கதையின் கடைசிப் பக்கத்தில், தட்டில் வெட்டச் சொல்லித் தாய் சொல்லும் பெயரின் மூன்றாம் எழுத்தில் லகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் விழுந்திருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
நடுவர் குழு உறுப்பினர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை